கை தானாக மேலே போகிறது: உடல், ஒழுங்கு, எதிர்ப்பு குறித்துச் சில குறிப்புகள்

1

புதுச்சேரி துய்மா வீதியில் கப்ஸ் கோயிலுக்கு எதிரே சின்னதாக ஒரு தோட்டம் இருக்கிறது. அதில் ஒரு பெண்ணின் சிலை. ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் ‘மாதாவா?’ என்று கேட்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கும் பெரும்பாலும் தெரியாது. அங்கே இளநீர் விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். “ஏதோ வெள்ளக்கார சாமிம்மா, நமக்கு என்னாத்துக்கு அது” என்றார். அந்தச் சாமியின் பெயர் ழான் தார்க். 1431 மே 30 அன்று பிரான்சின் ரூவான் நகரச் சந்தைத் திடலில் உயிரோடு கொளுத்தப்பட்டவள். அப்போது அவளுக்கு வயது பத்தொன்பது இருக்கலாம். அவள்மீது சாட்டப்பட்ட குற்றங்களில் ஒன்று, ஆண் உடை உடுத்தியது.

ஒருநாள் மாலை அந்தத் தோட்டத்தை ஒட்டி நான்கு பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்து போனார்கள். சீருடைச் சுடிதார், அதற்கு மேலே ஓவர்கோட். புதுச்சேரி வெயிலில் எதற்கு ஓவர்கோட் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். எதிரே ஒரு பைக் வந்தது. அதில் இரண்டு பையன்கள். நான்கு பேரில் மூன்று பேருடைய கை தானாக மேலே போய் ஓவர்கோட்டின் விளிம்பை இழுத்துவிட்டது. பேச்சும் நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை. கை மட்டும் போய்விட்டு வந்தது. பைக் போன பிறகுதான் கவனித்தேன், என் கையும் என் துப்பட்டாவின் மேல்தான் இருந்தது.

எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. தமிழில் எம்.ஏ. படித்திருக்கிறேன். பெண்ணியம் பற்றிக் கூட்டங்களில் பேசுகிறேன். ஆனால் என் கை என்னைக் கேட்டுக்கொண்டு மேலே போவதில்லை. இந்தக் கைக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அதைத் திரும்ப இறக்க முடியுமா? இறக்கினால் அது எதிர்ப்பா? இந்த மூன்று கேள்விகளையும் வைத்துக்கொண்டு, உடல் பற்றிப் பெண்ணியக் கோட்பாடு சொல்வதை நம் ஊர் வழக்குகளோடு சேர்த்துப் படித்துப் பார்க்கலாம் என்பதுதான் இந்தக் குறிப்புகளின் நோக்கம்.

2

சிமோன் தெ பொவ்வார் 1949-ல் ‘இரண்டாம் பால்’ நூலில் சொன்னது இன்று பழமொழி மாதிரி ஆகிவிட்டது. பெண்ணாக யாரும் பிறப்பதில்லை, ஆக்கப்படுகிறார்கள் என்பது அதன் சாரம். இதைச் சொல்லிவிட்டு நாம் வழக்கமாக உடலை ஒரு பக்கமும் வளர்ப்பை இன்னொரு பக்கமும் பிரித்து வைத்துவிடுகிறோம். உடல் இயற்கை தந்தது, அதன் மேல் சமூகம் சாயம் பூசுகிறது, சாயத்தைச் சுரண்டிவிட்டால் போதும் என்று ஓர் எளிய கணக்கு. கை மேலே போகிற சங்கதி இந்தக் கணக்கில் அடங்குவதில்லை. சாயம் தோலோடு நின்றிருந்தால் எனக்குத் தெரியாமல் என் தசை அசைந்திருக்காது.

மிஷல் ஃபூக்கோ 1975-ல் சிறையின் பிறப்பைப் பற்றி எழுதியபோது, நவீன அதிகாரம் உடலை அடித்துப் பணியவைப்பதைவிடப் பழக்கிப் பணியவைக்கிறது என்று காட்டினார். பட்டாளம், பள்ளிக்கூடம், தொழிற்சாலை எல்லாவற்றிலும் வரிசை, மணி, உட்காரும் விதம், கையை வைக்கும் விதம் என்று உடல் பயிற்றப்படுகிறது. கண்காணிப்பவன் இல்லாத நேரத்திலும் கண்காணிக்கப்படுவதாக நினைத்து உடல் தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்கிறது. ஆனால் ஃபூக்கோவின் சிப்பாய்க்கும் மாணவனுக்கும் பால் கிடையாது. இந்தக் குறையைச் சாண்ட்ரா பார்ட்கி 1988-ல் எடுத்துச் சொன்னார். பெண்ணுடலைப் பழக்குவதற்கென்று தனியாக ஒரு சிறையோ பட்டாளமோ கிடையாது. பழக்குகிறவர் எல்லா இடத்திலும் இருக்கிறார், எந்த இடத்திலும் இல்லை. அதனால்தான் அது வெளியிலிருந்து வந்த கட்டளையாகத் தெரியாமல் நம்முடைய சொந்தக் கூச்சமாகத் தெரிகிறது. “மேல போடு” என்று என் அம்மா சொன்னது எத்தனை தடவை என்று எனக்கு நினைவில்லை. பிறகு அவர் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

ஜூடித் பட்லர் 1990-ல் எழுதிய ‘பாலினச் சிக்கல்’ இதை இன்னொரு படி தள்ளிக்கொண்டு போகிறது. உள்ளே பெண்மை என்று ஒன்று இருந்து அது நடை, உடை, பேச்சு வழியாக வெளிப்படுகிறது என்றுதானே நினைக்கிறோம்? பட்லர் இதைத் தலைகீழாக்குகிறார். திரும்பத் திரும்பச் செய்யப்படும் செயல்கள்தான் உள்ளே ஒரு பெண்மை இருப்பதாக நம்பவைக்கின்றன என்கிறார். இங்கே ஒரு தவறான வாசிப்பை விலக்கிவிட வேண்டும். பாலினம் ‘நிகழ்த்தப்படுவது’ என்றதும், காலையில் எழுந்து பெட்டியைத் திறந்து இன்றைக்கு எந்த வேஷம் போடலாம் என்று தேர்ந்தெடுப்பது போல எண்ணிக்கொண்டு அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. அவர் 1993-லேயே அடுத்த புத்தகத்தில் இதற்குப் பதில் எழுதினார். தேர்ந்தெடுக்கும் ‘நான்’ முதலில் வந்து பிறகு செயல் வருவதில்லை. செயல்களின் வழியாகத்தான் அந்த ‘நான்’ உருவாகிறது.

இது குழப்பமாகத் தோன்றினால் நம் இலக்கணத்துக்குள் போய்ப் பார்க்கலாம். தமிழில் ஒருவரைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ‘வந்தான்’ அல்லது ‘வந்தாள்’. வினைமுற்றை முடிப்பதற்குள் பாலைச் சொல்லியாக வேண்டும். ‘வந்தார்’ என்று மரியாதையில் ஒளிந்துகொள்ளலாம், ஆனால் அந்த மரியாதை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. நம்ம பக்கத்துல பொம்பளப் பிள்ளைய ‘அது வந்துச்சு’ன்னு அஃறிணையில் சொல்ற வழக்கும் இருக்கு. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ஆண்மை திரிந்தவர்களைப் பற்றியும் பேசுகிறார். அவர்களைச் சுட்டும் பெயருக்குத் தனக்கென்று பால் காட்டும் ஈறு இல்லை, உயர்திணைக்குரிய ஈறுகளையே அது கொண்டு முடியும் என்பது அவர் விதி. அவர்களை உயர்திணையில் வைத்தது பெரிய விஷயம்தான். ஆனால் ஆளை ஏற்றுக்கொண்ட இலக்கணம் அவருக்கென்று ஓர் ஈற்றைத் தரவில்லை. இருப்பதிலிருந்து கடன் வாங்கித்தான் அவர் வாக்கியத்துக்குள் நுழைய வேண்டும். பட்லர் சொல்லும் ஒழுங்கு இப்படிப்பட்டதுதான். அதற்கு வெளியே நின்று பேச முடியாது. உள்ளேயே நின்று, தப்பாக, மாற்றி, கடன் வாங்கிப் பேசத்தான் முடியும். ‘திருநங்கை’ என்ற சொல் நம் காலத்தில் புழக்கத்துக்கு வந்து பழைய வசைச்சொற்களை ஓரளவு பின்தள்ளியது அப்படி ஒரு பேச்சு. இலக்கணம் மாறாதது போலத் தெரிந்தாலும் பேசுகிறவர்கள் அதை மாற்றிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

இதெல்லாம் மேற்கிலிருந்து இறக்குமதி என்று உடனே ஒரு குரல் எழும். பெரியார் பெண்கள் தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ள வேண்டும் என்றும், பிள்ளை பெறுவதுதான் பெண்ணின் அடிமைத்தனத்துக்குக் காரணம் என்றால் பெறாமலேயே இருந்துவிடலாம் என்றும் சொன்னபோது பட்லர் பிறந்திருக்கவில்லை. மற்றவர்கள் கருத்தடையை வறுமைக்கும் உடல்நலத்துக்கும் தீர்வாகப் பேசிய காலத்தில், தாம் அதைப் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்பதாக அவர் வேறுபடுத்திக் காட்டினார். கருத்தடையை ஆதரித்துக் கவிதை எழுதிய பாரதிதாசன் இதே புதுச்சேரிக்காரர். பெண்ணுடல் இயற்கையின் விதி என்பதை இந்த மண்ணில் மறுத்தவர்கள் இருந்தார்கள். நாம்தான் அவர்களைச் சிலையாக்கிவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டோம்.

3

இனி என்னை உறுத்தும் இடத்துக்கு வருகிறேன். எதிர்ப்பு என்றால் என்ன? துப்பட்டாவைத் தூக்கிப் போடுவதா?

திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், இரணியல் பகுதிகளில், நாடார் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்பது சாதி ஒழுங்கு. மேல்சாதியார் முன்பு மார்பைத் திறந்து வைத்திருப்பதுதான் ‘மரியாதை’. கிறித்தவத்துக்கு மாறிய பெண்கள் குப்பாயம் அணியத் தொடங்கினார்கள். பிறகு அதோடு நிற்காமல், மேல்சாதிப் பெண்களைப் போலத் தோளில் சீலையும் போட்டார்கள். 1820-களிலேயே தகராறு வெடித்தது. சந்தையில் சீலைகள் பறிக்கப்பட்டன, கிழிக்கப்பட்டன. 1829-ல் அரசே அந்த மேல்சீலைக்கு எதிராகப் பிரகடனம் செய்தது. 1858, 1859-ல் மறுபடி பெரிய கலவரம். கடைசியில் 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜாவின் பிரகடனம் வந்தது. நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக் கூடாது. குப்பாயம் போடலாம், முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். மறைக்கும் உரிமையைக் கொடுத்த கையோடு, எந்த விதத்தில் மறைப்பது என்பதில் சாதியைக் காப்பாற்றிக்கொண்டார்கள். இந்த வரலாறு இன்றும் சிலருக்கு உறுத்துகிறது. 2016-ல் சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் இந்தப் பகுதியைத் தேர்விலிருந்து விலக்கிச் சுற்றறிக்கை விட்டது.

அடுத்த காட்சி, சுமார் நூற்றைம்பது வருடங்களுக்குப் பிறகு. 2002-ல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு வந்தது. அதை ஒட்டிய ஆண்டுகளில் சல்மா, சுகிர்தராணி, மாலதி மைத்ரி ஆகியோரின் தொகுப்புகளும் வந்தன. மாலதி மைத்ரி புதுச்சேரிக்காரர். 2001-ல் வந்த அவருடைய முதல் தொகுப்பின் பெயர் ‘சங்கராபரணி’, நம் வில்லியனூர்ப் பக்கம் ஓடுகிற ஆற்றின் பெயர். இவர்கள் பெண்ணுடலைப் பெண்ணின் வாயால் பேசியதும் கூச்சல் கிளம்பியது. ஆபாசம், விளம்பர உத்தி, பண்பாட்டுக் கேடு என்றார்கள். இவர்களை மவுண்ட் ரோட்டில் நிறுத்தி மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்த வேண்டும் என்று ஒரு சினிமாப் பாடலாசிரியர் சொன்னார். சினிமாப் பாட்டு பெண்ணுடலை எப்படிப் பாடுகிறது என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அது ரசனை, இது ஆபாசம். சொல் ஒன்றுதான், சொன்ன வாய்தான் வேறு.

எம்.ஏ. வகுப்பில் இதை நேரிலேயே பார்த்தேன். கண்ணகி தன் இடமுலையைத் திருகி மதுரைமேல் எறிந்த பகுதியை ஆசிரியர் கணீரென்று நடத்தினார். சொல்லை விழுங்கவில்லை. அதே பருவத்தில் இக்காலக் கவிதை பாடம். ஒரு பெண் கவிஞரின் தொகுப்புப் பெயர் வந்தபோது, “அந்தத் தொகுப்பு” என்று சொல்லித் தாண்டிப் போனார். நாங்கள் எல்லோரும் குனிந்து நோட்டைப் பார்த்தோம். இரண்டாயிரம் வருடப் பழைய சொல் எங்கள் மேசைமேல் வந்து விழுந்தது போலவும், அதை யாரும் தொடக் கூடாது போலவும் இருந்தது.

இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1859-ல் மார்பை மறைப்பது கலகம். 2002-ல் மார்பைச் சொல்லால் திறப்பது கலகம். மறைப்பு அடிமைத்தனம், திறப்பு விடுதலை என்றோ, மறைப்பு கண்ணியம், திறப்பு இழிவு என்றோ ஒரு சூத்திரத்தை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் படிக்கவே முடியாது. இரண்டிலும் மாறாமல் இருப்பது ஒன்றுதான்: பெண்ணின் உடல் என்னவாக இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவளிடம் இல்லை. அந்தத் தீர்மானத்தைத் தன் கைக்கு எடுத்த இடத்தில்தான் இரண்டு பேருமே தாக்கப்பட்டார்கள். துணி சண்டை நடந்த இடம். சண்டை துணிக்காக இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பார்ட்கி, பட்லர் ஆகியோரின் ‘பெண்ணுடல்’ நம்மூருக்கு வந்ததும் சாதியில் முட்டி நிற்கிறது. மேல்சாதி வீட்டுப் பெண்ணுக்கு ஒழுங்கு ‘மூடு’ என்றது. நாடார் பெண்ணுக்கு அதே ஊரில், அதே தெருவில், அதே ஒழுங்கு ‘திற’ என்றது. ஒருத்தியின் மூடல் மதிப்பாகத் தெரிய வேண்டுமானால் இன்னொருத்தி திறந்து நிற்க வேண்டியிருந்தது. ஆகவே ‘பெண்கள் எல்லோரும்’ என்று தொடங்கும் எந்த வாக்கியத்தையும் நான் இப்போது சந்தேகத்தோடுதான் படிக்கிறேன். துப்பட்டாவைத் துறப்பதை எதிர்ப்பின் அடையாளமாக்கும் தோழிகளிடம் கேட்க நினைப்பது இதுதான்: தோளில் சீலை போடுவதற்கே பாட்டி அடிவாங்கிய வீட்டுப் பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்?

4

ஒழுங்கை மீறியவர்களைக் கொளுத்துவது ஒரு வழி. கும்பிடுவது இன்னொரு வழி. ழான் தார்க்குக்கு இரண்டும் நடந்தது.

1431 மே 24 அன்று மிரட்டலுக்குப் பணிந்து அவள் தன் ‘தவறுகளை’ மறுத்துக் கையெழுத்துப் போட்டாள், பெண் உடைக்கு மாறினாள். சில நாட்களில் சிறையில் மறுபடி ஆண் உடையில் காணப்பட்டாள். மீண்டும் குற்றத்தில் விழுந்தவள் என்று தீர்ப்பாயிற்று. ஆண்களுக்கு நடுவே இருக்கும்போது ஆண் உடையே தனக்குப் பொருத்தம் என்பது அவள் சொன்ன காரணங்களில் ஒன்று. ஆண் காவலர்கள் காவல் காக்கும் அறையில், இறுக்கிக் கட்டப்படும் அந்த உடை அவள் உடலுக்குப் பாதுகாப்பாக இருந்தது என்று பிற்கால விசாரணையில் சாட்சிகள் சொன்னார்கள். நீதிபதிகளுக்கு அது வேத விரோதம். அவளுக்கு அது அன்றைய ராத்திரியைக் கடக்கும் வழி. 1456-ல் அந்தத் தீர்ப்பு செல்லாது என்றார்கள். 1920-ல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். பிறகு கடல் தாண்டி வந்து பிரெஞ்சிந்தியாவின் தலைநகரில் சிலையாக நின்றுவிட்டாள். எந்த உடைக்காகக் கொன்றார்களோ அதைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை.

நம் யூனியன் பிரதேசத்தின் இன்னொரு ஊரான காரைக்காலிலும் ஒரு பெண் இருக்கிறார். புனிதவதி என்னும் காரைக்கால் அம்மையார். பெரியபுராணம் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரியும். மாங்கனி அற்புதத்தைக் கண்டு பயந்து ஓடிய கணவன் பரமதத்தன், பாண்டிநாட்டில் வேறொரு பெண்ணை மணந்து வாழ்கிறான். புனிதவதி அங்கே போய் நிற்க, மனைவியோடும் குழந்தையோடும் அவர் காலில் விழுகிறான். இவர் மானுடப் பெண்ணல்ல, தெய்வம் என்கிறான். அந்த இடத்தில் அவர் இறைவனிடம் கேட்பது என்ன? இவனுக்காகச் சுமந்திருந்த இந்த அழகுத் தசை இனி எனக்கு எதற்கு, இதைக் கழித்துப் பேயுருவைத் தா என்கிறார். சேக்கிழார் பக்தியைச் சொல்ல வந்தவர், பெண்ணியம் சொல்ல வந்தவர் இல்லை. ஆனாலும் அந்த இடத்தில் ஒரு பெரிய உண்மை வெளியே வந்துவிடுகிறது. அழகு என்று அவர் சுமந்தது அவருடையதாக இருக்கவில்லை, யாருக்காகவோ பராமரிக்கப்பட்டது. அந்த ‘யாருக்காக’ போனதும் அது சுமையாகிறது. அம்மையார் தம் பதிகத்தில் பாடும் பெண் பேய்க்கு வற்றிய முலை, குழிந்த கண், நீண்ட பல். காண்பவன் கண்ணுக்கு அந்த உடலால் எந்தப் பயனும் இல்லை. ஆகவே அவர் சுடுகாட்டில் யாருக்கும் பயப்படாமல் கூத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடிகிறது.

இது விடுதலையா? முழுதாக அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆண் பார்வையிலிருந்து தப்ப உடலையே இழக்க வேண்டும் என்றால் விலை அதிகம். அதற்குப் பிறகு நாம் செய்ததும் சரியில்லை. ஒவ்வொரு ஆனி மாதமும் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடக்கிறது. சனங்கள் மாம்பழத்தை வாரி இறைக்கிறார்கள், பிடிக்கிறார்கள். பிள்ளை வரம் வேண்டிப் பழம் பிடிக்கிற பெண்களையும் பார்த்திருக்கிறேன். மனைவியாகக் கணவனுக்குப் பழம் பரிமாறிய புனிதவதியை ஊர் விரும்புகிறது. தசையை உதறிய அம்மையாரைக் கோயிலுக்குள் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறது. தெய்வம் ஆக்கிவிட்டால் பின்பற்ற வேண்டியதில்லை. பரமதத்தன் காலில் விழுந்ததும் அதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

5

‘சரி, உடை சமூகத்துடையது, அழகும் சமூகத்துடையது, உடம்பு உடம்புதானே? ஆண் ஆண்தானே, பெண் பெண்தானே?’ என்று கேட்கலாம். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியிலிருந்து ஒரு பெண் ஓடி வந்து இந்தக் கேள்விக்குள் விழுந்தார்.

சாந்தி சவுந்தரராஜன். செங்கல் சூளையில் வேலை பார்த்த தலித் குடும்பத்துப் பெண். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பிறகு ‘பால் சோதனை’. தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். செய்தி ஊர் உலகமெல்லாம் போனது. அன்றைய தமிழ்நாட்டு அரசு அவருக்கு 15 லட்சம் ரூபாய் கொடுத்தது. ஆனாலும் 2012-ல் அவர் மறுபடி செங்கல் சூளையில் தினக்கூலிக்கு வேலை செய்வதாகச் செய்தி வந்தது. பிறகுதான் பயிற்சியாளர் படிப்பும் அரசின் பயிற்சியாளர் வேலையும் கிடைத்தன. அவர் ஊக்கமருந்து சாப்பிடவில்லை, ஏமாற்றவில்லை. பிறந்த உடலோடு, பெண்ணாகவே வளர்ந்து, பெண்ணாகவே ஓடினார்.

இங்கே நீதிபதியின் இடத்தில் மதகுரு இல்லை, மகாராஜா இல்லை. ஆய்வுக்கூடம் இருக்கிறது. அறிவியல் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. குரோமோசோம், சுரப்பிகள், உள்ளுறுப்பு, வெளியுறுப்பு என்று பலவும் சேர்ந்ததுதான் உடலின் பால். பெரும்பாலானவர்களிடம் இவை ஒரே பக்கம் சாய்கின்றன, சிலரிடம் சாய்வதில்லை. சாயாதபோது எதைக் கடைசி அளவுகோலாக வைப்பது என்பதை உடல் சொல்வதில்லை, மனிதர்கள் கூடித் தீர்மானிக்கிறார்கள். அளவுகோலும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒடிசாவின் துத்தி சந்த் தொடுத்த வழக்கில், இயற்கையாகச் சுரக்கும் ஆண் சுரப்பின் அளவை வைத்துப் பெண்களை விலக்கும் விதியை 2015-ல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2018-ல் வேறு வடிவில் விதி வந்தது. 2025 செப்டம்பரிலிருந்து உலகத் தடகளச் சங்கம் பெண்கள் பிரிவில் ஓடுகிறவர்களுக்கு மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியது. பால் என்பதும் முன்பே ஓர் ஒழுங்கின் வழியாகத்தான் நமக்குக் கிடைக்கிறது என்று பட்லர் சொன்னபோது பலர் சிரித்தார்கள். கத்தக்குறிச்சிப் பெண்ணுக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது.

ஆண், பெண் என்று உடனே சொல்ல முடியாத உடலோடு பிறக்கும் குழந்தைகளைக் கத்தி வைத்து ஒரு பக்கமாகத் திருத்துவது ஆஸ்பத்திரிகளில் நடந்துவந்தது. குழந்தை பேசுவதற்கு முன்பே அதன் வினைமுற்றை முடித்துவிடும் அவசரம். 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைத் தடுக்கச் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர அப்படிப்பட்ட அறுவையைத் தடைசெய்து ஆணை போட்டது. காத்திரு, அந்த உடலுக்கு உரியவர் வளர்ந்து சொல்லட்டும் என்பதுதான் அதன் பொருள். இந்தக் கட்டுரையில் நான் தேடிக்கொண்டிருப்பதும் அந்தக் காத்திருத்தலைத்தான்.

6

கடைசியாக நம்மைப் பற்றி. இதைச் சொல்லாமல் முடித்தால் மேலே எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும்.

சில வருடங்களுக்கு முன்பு இதே ஊரில் ஒரு சின்ன வாசிப்புக் கூட்டம். இருபது, இருபத்தைந்து பேர் இருப்போம். பாதிப் பேர் தோழர்கள், பாதிப் பேர் எழுதுகிறவர்கள். வழக்கம்போல டீ கொண்டுவந்து கொடுத்தது பெண்கள்தான், அதில் நானும் ஒருத்தி. எங்களோடு வந்திருந்த ஒரு தங்கை, கல்லூரியில் படிக்கிற பெண், முதல் தடவையாகத் தன் கவிதையைப் படிக்கப் போகிறாள். தாளை என்னிடம் காட்டினாள். நல்ல கவிதை. மாதவிடாய் பற்றி அதில் ஒரு வரி இருந்தது. முன்வரிசையில் அவளுடைய ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார், அவளுடைய அண்ணனின் நண்பர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். நான் அவள் காதில் சொன்னேன்: “அந்த ஒரு வரிய மட்டும் இன்னைக்கு விட்டுடேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். “யாருக்காகக்கா?” என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. அவள் அந்த வரியை விட்டுவிட்டுத்தான் படித்தாள். எல்லோரும் கைதட்டினோம். அடுத்த கூட்டத்துக்கு அவள் வரவில்லை, அதற்கடுத்ததற்கும் வரவில்லை.

அவளைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மைதான். என் அம்மாவும் என்னைக் காப்பாற்றத்தான் “மேல போடு” என்றார். ஒழுங்கு நம்மிடம் எப்போதும் அன்பின் குரலில்தான் பேசுகிறது. தெருவில் அவள் துப்பட்டாவை இழுத்துவிடும் கையும், கவிதையில் அவள் வரியை இழுத்துவிட்ட என் கையும் ஒரே கைதான். ஒழுங்கைக் கடத்திச் செல்ல மகாராஜாவும் மதகுருவும் போதாது. நம்மைப் போன்ற அக்காக்களும் தேவைப்படுகிறார்கள்.

ஆகவே எதிர்ப்பு பற்றி எனக்கு இப்போது பெரிய வரையறை எதுவும் இல்லை. துப்பட்டா போட்டவளா போடாதவளா, முடி வளர்த்தவளா வெட்டியவளா, பெற்றவளா பெறாதவளா என்று ஒருத்தியின் உடலைப் பார்த்து அவளுடைய அரசியலை அளப்பதை முதலில் நாம் நிறுத்த வேண்டும். அதுவும் ஒரு பால் சோதனைதான். அதற்குப் பதிலாக அவள் எந்த ஆணையை எதிர்த்து நிற்கிறாள், அந்த ஆணை அவள் சாதிக்கும் வர்க்கத்துக்கும் என்ன சொல்லியிருந்தது, மீறியதற்கு அவள் கொடுத்த விலை என்ன என்று கேட்கலாம். விலை எல்லோருக்கும் ஒன்றில்லை. எனக்கு ஒரு கூச்சம். சாந்திக்கு ஒரு பதக்கமும் பல வருட வாழ்க்கையும். ரூவானில் அந்தப் பெண்ணுக்கு உயிர்.

பயிற்றப்பட்ட கை ஒரே நாளில் கீழே இறங்காது என்று எனக்குத் தெரியும். திரும்பத் திரும்பச் செய்ததால் படிந்தது, திரும்பத் திரும்ப வேறு மாதிரிச் செய்தால்தான் மாறும். கூட்டங்களில் இப்போது யாராவது ஒரு பெண் தன் தாளை என்னிடம் காட்டினால் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ஒன்றும் சொல்வதில்லை. சில சமயம் நாக்கு நுனிவரை வந்துவிடுகிறது. அப்போதெல்லாம் அந்தத் தங்கை கேட்டதை எனக்குள் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்: யாருக்காகக்கா?